மூலக்கூறு இயங்கியல் சிமுலேஷனில் எல்லையில் பட்டுத் திரும்பும் அலைகளை எப்படித் தடுப்பது?

விரிசல்முனை:

அனைவருக்கும் வணக்கம். தாமிரப் படிகத்தில் ஒரு விரிசல் திடீரென வளரத் தொடங்கும்போது அதன் முனையில் தகைவு எப்படி மாறுகிறது என்பதை, ஒவ்வோர் அணுவின் நகர்வையும் நியூட்டன் சமன்பாட்டின்படி பின்தொடரும் மூலக்கூறு இயங்கியல் முறையில் கணக்கிட்டு வருகிறேன். தடிமன் திசையில் மட்டும் பீரியாடிக் எல்லை வைத்திருக்கிறேன். மற்ற பக்கங்களில் விரிசல் முனையிலிருந்து எல்லை 20 நானோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வெளிப்புற அணுக்களை அசையாதபடி நிறுத்திவிட்டு, அவற்றை ஒட்டிய ஓர் அணு அடுக்குக்கு மட்டும் திசைவேகத்துக்கு எதிரான தணிப்பு விசையைக் கொடுத்திருக்கிறேன்.

விரிசல் நகரத் தொடங்கி ஏறத்தாழ 9 பிக்கோ வினாடி கழிந்ததும் முனையில் தகைவு மீண்டும் ஒருமுறை எழும்புகிறது. நெட்டலை 20 நானோமீட்டர் சென்று எல்லையில் பட்டுத் திரும்பிவர ஆகும் நேரமும் இதுவேதான். தணிப்பு மாறிலியைப் பத்து மடங்கு உயர்த்திய பிறகும் அந்த எழுச்சி மறையவில்லை. பெட்டியைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா? இதே கணக்கை அடுத்து 300 கெல்வினிலும் செய்ய வேண்டியிருக்கிறது.

படிகன்:

வணக்கம் நண்பரே. பெட்டியைப் பெரிதாக்குவதால் அலை திரும்பும் நேரம் தள்ளிப்போகுமே தவிர, சிக்கல் தீராது. முப்பரிமாணப் பெட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் இரட்டித்தால் அணுக்கள் 8 மடங்காகின்றன, ஆனால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் நேரம் 2 மடங்குதான். அந்த நேரம் முழுவதையும் ஓட்டி முடிக்கும்போது கணிப்புச் செலவு 16 மடங்காகிவிடும். பீரியாடிக் எல்லையும் இங்கே உதவாது, ஏனென்றால் ஒரு பக்கம் வெளியேறும் அலை மறுபக்கம் வழியாக அப்படியே உள்ளே வந்துவிடும்.

உங்கள் அமைப்பில் எனக்கு முதலில் கண்ணில் படுவது, தணிப்பு அடுக்குக்குப் பின்னால் நிற்கும் அசையாத அணுக்கள். அந்த அடுக்கில் உள்ள ஓர் அணுவின் மீது இரண்டு விசைகள் செயல்படுகின்றன: பின்னால் நிலையாக இருக்கும் அணு சுருள்வில்லைப் போல இழுக்கும் விசை ஒன்று, நீங்கள் கொடுத்த தணிப்பு விசை மற்றொன்று. முதலாவது இடப்பெயர்ச்சியைச் சார்ந்தது. இரண்டாவது திசைவேகத்தைச் சார்ந்தது. அதிர்வெண் குறையக் குறைய, அதே இடப்பெயர்ச்சிக்குத் திசைவேகமும் குறைவதால், நீண்ட அலைகளுக்குத் தணிப்பு விசை இருந்தும் இல்லாதது போலாகிவிடுகிறது. அவை அசையாத சுவரில் மோதுவதைப் போல முழுமையாகத் திரும்புகின்றன. விரிசல் நகரும்போது வெளியாகும் ஆற்றலில் பெரும்பகுதி இத்தகைய நீண்ட அலைகளாகவே வெளியேறுகிறது என்பதால், நீங்கள் காணும் எழுச்சிக்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

அசையாத அணுக்களை நீக்கிவிட்டு, கடைசி அடுக்கைத் தணிப்பு விசை மட்டுமே தாங்கும்படி வையுங்கள். தணிப்பின் அளவு கைக்கு வந்த எண்ணாக இருக்கக் கூடாது. அது பொருளின் இம்பிடன்ஸுக்கு, அதாவது அலை கடக்கும்போது பொருள் காட்டும் எதிர்ப்புக்கு, சமமாக இருக்க வேண்டும். அடர்த்தியை ஒலியின் வேகத்தால் பெருக்கி, ஓர் அணுவுக்கு உரிய பரப்பாலும் பெருக்கினால் ஓர் அணுவுக்கான தணிப்பு மாறிலி கிடைக்கிறது. அதை அணுவின் நிறையால் வகுத்துப் பாருங்கள்: அடர்த்தி, பரப்பு, நிறை மூன்றும் சேர்ந்து அடுக்குகளுக்கு இடையிலான தொலைவாகச் சுருங்கிவிடுகின்றன. அதாவது, தணிப்புக் காலம் என்பது ஒலி ஓர் அணு அடுக்கைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம், அவ்வளவுதான்.

தாமிரத்தின் (100) திசையில், அதாவது படிகக் கனசதுரத்தின் விளிம்பு வழியே, அடுக்கு இடைவெளி 1.81 ஆங்ஸ்ட்ராம், நெட்டலையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4.3 கிலோமீட்டர். ஆகவே தணிப்புக் காலம் 0.042 பிக்கோ வினாடி. அதே திசையில் குறுக்கலையின் வேகம் 2.9 கிலோமீட்டர் என்பதால், எல்லைத் தளத்துக்கு இணையான இரு திசைகளுக்கும் 0.062 பிக்கோ வினாடி. செங்குத்துத் திசைக்கும் இணைத் திசைகளுக்கும் வெவ்வேறு தணிப்பைக் கொடுப்பதே சரியான முறை. நில அதிர்வு, அடித்தளப் பொறியியல் ஆகிய துறைகளில் லைஸ்மரும் குலெமேயரும் 1969இல் முன்வைத்த பிசுக்கு எல்லையின் அடிப்படையும் இதுவே.

லாம்ப்ஸ் என்ற மூலக்கூறு இயங்கியல் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு: லாஞ்செவன் கட்டளை தணிப்பைக் காலமாகவே வாங்கிக்கொள்கிறது, விஸ்கஸ் கட்டளையோ விசையைத் திசைவேகத்தால் வகுத்த அலகில் வாங்குகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தணிப்பு பல மடங்கு மாறிப்போகும்.

அலைகணி:

நண்பர் படிகன் கூறியதோடு முழுமையாக உடன்படுகிறேன். தணிப்பைப் பத்து மடங்கு உயர்த்தியது ஏன் உதவவில்லை என்பதற்கு விளக்கம் சேர்க்கிறேன். கடைசி அடுக்கு தணிப்பால் மட்டுமே தாங்கப்படும் நிலையில், நீண்ட அலைக்கான எதிரொளிப்பு வீச்சு என்பது, தணிப்புக்கும் இம்பிடன்ஸுக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது. தணிப்பு பத்து மடங்கானால் 9ஐ 11ஆல் வகுக்க வேண்டும், வீச்சு 0.82, ஆற்றலில் ஏறத்தாழ 67 சதவீதம் உள்ளே திரும்பிவிடும். அளவுக்கு மிஞ்சிய தணிப்பு அந்த அடுக்கைக் கிட்டத்தட்ட அசையாத சுவராகவே மாற்றிவிடுகிறது. தணிப்பை உயர்த்தினால் அலை கூடுதலாக உறிஞ்சப்படும் என்று பலரும் இயல்பாக நினைக்கிறார்கள் என்பதால், இந்தக் கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்ப்பது நல்லது.

எனினும், இம்பிடன்ஸைச் சரியாகப் பொருத்திய பிறகும் வேலை முடிவதில்லை. அணிக்கோவையில், அதாவது படிகத்தின் ஒழுங்கான அணு வரிசையில், எல்லா அலைகளும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. அலைநீளம் குறையும்போது குழுத் திசைவேகம் (அலைத்தொகுதி ஆற்றலைச் சுமந்து நகரும் வேகம்) குறைந்து, எல்லைமட்ட அலைநீளத்தில், அதாவது இரண்டு அணு இடைவெளியில், சுழியாகிவிடுகிறது. ஒரு தணிப்பு மாறிலியால் ஒரு வேகத்துக்கு மட்டுமே பொருந்த முடியும். ஒருபரிமாணச் சங்கிலியில், அண்மை அணுக்கள் மட்டும் இணைக்கப்பட்டிருந்தால், இதைத் துல்லியமாகவே எழுதிவிடலாம்: பொருத்தப்பட்ட தணிப்பில் எதிரொளிப்பு வீச்சு, அலையெண்ணையும் அணு இடைவெளியையும் பெருக்கி நான்கால் வகுத்துப் பெறும் கோணத்தின் டான்ஜென்ட். அலைநீளம் 20 இடைவெளியாக இருந்தால் திரும்பும் ஆற்றல் 0.6 சதவீதம்; 10 இடைவெளிக்கு 2.5 சதவீதம், 4 இடைவெளிக்கு 17 சதவீதம், 2 இடைவெளிக்கு முழுவதும் திரும்பிவிடும்.

எங்க்விஸ்ட், மஜ்டா இருவரும் 1977இல் வகுத்த உட்கவர் எல்லை நிபந்தனைகள் தொடர்ம ஊடகத்தின் அலைச் சமன்பாட்டுக்கானவை. அவற்றில் படுகோணத்தைப் பற்றிய கவலை உண்டு, அணிக்கோவையின் இந்தச் சிதறல் (அலைநீளத்தைப் பொறுத்து வேகம் மாறுவது) பற்றிய கவலை இல்லை. தொடர்ம முறைகளை அப்படியே அணுக்களுக்குக் கொண்டுவரும்போது குறுகிய அலைகள் தப்பித்துக்கொள்வது இதனால்தான்.

விரிசல்முனை:

மிக்க நன்றி. தணிப்புக் காலம் ஓர் அடுக்கைக் கடக்கும் நேரமே என்பது எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது. இரண்டு ஐயங்கள் எழுகின்றன. அசையாத அணுக்களை எடுத்துவிட்டால் படிகத்தின் ஓரம் திறந்த பரப்பாகிவிடும். வெளியிலிருந்து நான் கொடுத்திருக்கும் இழுவிசையும் போய்விடும். அதை எப்படி ஈடுகட்டுவது? அடுத்து, ஒருபரிமாணச் சங்கிலிக்கு எதிரொளிப்பைத் துல்லியமாக எழுத முடிகிறது என்றால், எதிரொளிப்பே இல்லாத எல்லையையும் துல்லியமாக எழுத முடியும்தானே?

படிகன்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அசையாத அணுக்களுடன் அமைப்பைச் சமநிலைக்குக் கொண்டுவந்த பிறகு, அவை உள்ளே இருக்கும் ஒவ்வோர் அணுவின் மீதும் செலுத்தும் விசையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அந்த அணுக்களை நீக்கிவிட்டு, குறித்து வைத்த விசைகளை மாறா விசைகளாக அதே அணுக்களுக்குக் கொடுங்கள். லேசர் அரிப்பைக் கணிப்பவர்கள் பயன்படுத்தும் அழுத்தம் கடத்தும் எல்லையிலும் இதே கருத்துதான் இருக்கிறது: ஒரு நிலையான விசை, அதனுடன் திசைவேகத்துக்கு விகிதமான ஒரு விசை.

தாமிரத்துக்குப் பயன்படும் பொதிந்த அணு ஆற்றல் சார்புகள் (அணுக்களிடையே விசையைத் தரும் சூத்திரங்கள்) எட்டும் தொலைவு அண்மை அணுக்களோடு நிற்பதில்லை என்பதால், மாறா விசை பல அடுக்குகளுக்குத் தேவைப்படும். நிலைநிறுத்தும் சுருள்வில் எதுவும் இல்லாததால் முழுப் படிகமும் மெல்ல நகர்ந்துவிடக்கூடும். இதைத் தடுக்க மிக மென்மையான ஒரு சுருள்வில்லை ஓரத்தில் வைக்கலாம். அதன் அலைவுக் காலம் உங்கள் மொத்த ஓட்ட நேரத்தைவிட நீண்டதாக இருந்தால் அலைகளுக்கு அது தெரியாது.

நினைவுக்கரு:

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: முடியும், அதற்குச் சற்று விலை கொடுக்க வேண்டும். எல்லைக்கு வெளியே இருக்கும் அணுக்கள் அனைத்தும் நேரியல் சுருள்வில்களால் இணைந்தவை என்று கொண்டால், அவற்றின் சமன்பாடுகளை முன்னரே தீர்த்து, கணக்கிலிருந்து முற்றிலும் அகற்றிவிடலாம். அவை இருந்ததற்கான தடயம், உள்ளே இருக்கும் எல்லை அணுவின் கடந்தகால இயக்கத்தின் மீதான ஒரு தொகையீடாக எஞ்சுகிறது. வாயு மூலக்கூறு திண்மப் பரப்பில் மோதும் சிக்கலுக்கு ஆடெல்மனும் டாலும் 1974இல் இதையே பொதுமைப்படுத்திய லாஞ்செவன் சமன்பாடாக எழுதினார்கள்.

ஒருபரிமாணச் சங்கிலியில், எல்லைக்கு அடுத்த வெளி அணுவின் இடப்பெயர்ச்சி, எல்லை அணுவின் முந்தைய இடப்பெயர்ச்சிகளை ஒரு நினைவுச் சார்பால் எடையிட்டுக் கூட்டியது. அந்தச் சார்பு, இரண்டாம் வரிசைப் பெசல் சார்பை (அலைந்துகொண்டே தேயும் ஒரு கணிதச் சார்பை) நேரத்தால் வகுத்து இரண்டால் பெருக்கியது. அதன் உள்ளீடு நேரமும் சங்கிலியின் மீப்பெரு கோண அதிர்வெண்ணும் சேர்ந்த பெருக்கம். எல்லா அலைநீளங்களுக்கும் எதிரொளிப்பு சுழி. எந்தத் தோராயமும் இதில் இல்லை.

விலை எங்கே என்றால், அந்தச் சார்பு நேரத்தின் ஒன்றரை அடுக்குக்கு எதிர்விகிதமாக, மெதுவாகவே தேய்கிறது. நடைமுறையில் எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: சுழியிலிருந்து முடிவிலி வரை அந்தச் சார்பின் தொகையீடு சரியாக 1. எல்லை அணு நிலையாக நகர்ந்து நின்றால் வெளி அணுவும் அதே அளவு நகர்ந்து நிற்க வேண்டும் என்பதே இதன் பொருள். வெட்டிய பிறகு தொகையீடு 1ஆக இல்லாவிட்டால் நீண்ட அலைகள் மீண்டும் எதிரொளிக்கும். துல்லியமான முறையைத் தேடிச் சென்று, மிக எளிதாக உறிஞ்சக்கூடிய அலையைத் தவறவிட்டவர்களாவோம். ஆகவே வெட்டிய சார்பை மறுபடியும் 1க்குச் சரிசெய்துகொள்வது கட்டாயம்.

முப்பரிமாணத்தில் இந்தச் சார்பு, ஒரே சார்பாக இல்லாமல், பல சார்புகள் கொண்ட ஓர் அணியாகிவிடுகிறது (மேட்ரிக்ஸ்). எல்லையில் உள்ள ஒவ்வோர் அணுவும் தன் பக்கத்து எல்லை அணுக்கள் அனைத்தின் கடந்தகாலத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். காய் மற்றும் குழுவினர் 2000இல் இந்த நினைவுச் சார்புகளைச் சிறிய சோதனை ஓட்டங்களிலிருந்தே அளந்து எடுக்கும் வழியைக் காட்டினார்கள். வெய்னன் ஈ, ஹுவாங் இருவரும் 2001இல் வேறு திசையில் சென்றார்கள்: சில அணுக்கள், சில நேரப் படிகள் மட்டும் என்று முதலிலேயே வரையறுத்துக்கொண்டு, அந்த வரையறைக்குள் மொத்த எதிரொளிப்பு மிகக் குறைவாக இருக்கும்படி எடைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். நடைமுறைக்கு இரண்டாவது வழி எனக்குப் பெரிதும் பிடித்தமானது, ஏனென்றால் எந்த அலைநீளத்தை முதன்மையாக உறிஞ்ச வேண்டும் என்பதை அங்கே நாமே முடிவு செய்யலாம்.

ஓரத்தணிப்பு:

நினைவுச் சார்புகளின் அழகை மறுக்கவில்லை. ஆனால் விரிசல், மோதல், நானோ அழுத்தம் ஆகியவற்றைக் கணிக்கும் பெரும்பாலோருக்குத் தடிமனான தணிப்பு அடுக்கே போதும் என்பது என் கருத்து. விளிம்பிலிருந்து உள்ளே சில நானோமீட்டர் வரை, தணிப்பு சுழியில் தொடங்கி மெல்ல உயர்ந்துகொண்டே போகும்படி அமைக்க வேண்டும். ஹோலியனும் ரவேலோவும் 1995இல் விரிசல் சிமுலேஷன்களுக்கு இத்தகைய ஓரத் தணிப்பைக் கையாண்டார்கள். எந்த ஆற்றல் சார்புக்கும், எந்தப் படிகத் திசைக்கும், எந்த வடிவத்துக்கும் இது பொருந்தும். மீள்மாறிலிகளைக்கூட அறிந்திருக்கத் தேவையில்லை.

கணக்கும் எளிது. அடுக்குக்குள் சென்று திரும்பும் அலையின் வீச்சு, சராசரித் தணிப்பு வீதத்தை அடுக்கின் ஒருவழிக் கடப்பு நேரத்தால் பெருக்கிய எண்ணின் அடுக்குக்குறித் தேய்வு. தாமிரத்தில் 10 நானோமீட்டர் அடுக்கைக் கடக்க 2.3 பிக்கோ வினாடி. சராசரித் தணிப்பு பிக்கோ வினாடிக்கு 1 என்றால் திரும்பும் ஆற்றல் ஏறத்தாழ 1 சதவீதம். அதை 2ஆக உயர்த்தினால் 0.01 சதவீதம்.

அலைகணி:

அந்த எண்கள், தணிப்பு மெல்ல உயர்கிறது என்று அலைக்கும் தோன்றினால்தான் உண்மையாகும். அலைநீளம் அடுக்கின் தடிமனை எட்டும்போது, நாம் மெல்ல உயர்த்தியதாக நினைக்கும் தணிப்பு அந்த அலைக்குத் திடீர் மாற்றமாகவே இருக்கும். அடுக்கின் முகப்பிலேயே ஒரு பகுதி திரும்பிவிடும். மேலும் செலவைப் பாருங்கள்: நண்பர் விரிசல்முனையின் 40 நானோமீட்டர் சதுரத்தைச் சுற்றி 10 நானோமீட்டர் அடுக்கைச் சேர்த்தால் அணுக்கள் 2.25 மடங்காகும். முப்பரிமாணத்தில் எல்லாப் பக்கங்களிலும் சேர்த்தால் 3 மடங்கையும் தாண்டும்.

ஆனால் இந்த இரண்டு முறைகளும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புபவை என்பதை இந்த இழையில் யாரும் இன்னும் சொல்லவில்லை. பொருத்தப்பட்ட கடைசி அடுக்கு நீண்ட அலைகளை நன்றாக விழுங்குகிறது, குறுகிய அலைகளில் தோற்கிறது. தடிமனான அடுக்கு நீண்ட அலைகளில் தடுமாறுகிறது. குறுகிய அலைகளோ குழுத் திசைவேகம் குறைவானவை என்பதால் அடுக்குக்குள் நெடுநேரம் தங்கி, தாமாகவே தேய்ந்துவிடுகின்றன. ஆகவே 4 நானோமீட்டர் மட்டுமே தடிமனுள்ள, சராசரித் தணிப்பு பிக்கோ வினாடிக்கு 1 உள்ள அடுக்கை வைத்து, அதன் பின்முனையை அசையாமல் நிறுத்தாமல் இம்பிடன்ஸ் பொருந்திய அணுக்களால் முடியுங்கள். 4 இடைவெளி அலைநீளத்துக்கு முன்பு 17 சதவீதமாக இருந்த எதிரொளிப்பு, சங்கிலிக் கணக்கின்படி 1.3 சதவீதத்துக்கு இறங்குகிறது, அணுக்களோ 1.44 மடங்குதான்.

ஓரத்தணிப்பு:

இந்த இணைப்பை ஏற்கிறேன். பின்முனையை அசையாமல் நிறுத்துவது பழக்கத்தால் வருவது. அதற்கு வேறு நியாயம் எதையும் என்னால் காண முடியவில்லை.

விரிசல்முனை:

ஒருபரிமாணச் சங்கிலியை எழுதி, காஸிய அலைத்தொகுதிகளை அனுப்பிப் பார்த்தேன். அலைகணி கூறிய டான்ஜென்ட் சூத்திரத்தோடு அளவுகள் பொருந்துகின்றன. சங்கிலியின் கடைசி அணுவுக்குப் பின்னால் ஓர் அசையாத அணுவைச் சேர்த்ததும், அலைத்தொகுதி எவ்வளவு அகலமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு முழுமையாகத் தலைகீழாகித் திரும்புகிறது. இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தாமிரத்திலும் மாறா விசைகளுடன் அமைத்து ஓட்டியபோது அந்த எழுச்சி பெருமளவு தணிந்துவிட்டது. மூலைகளின் பக்கமிருந்து மட்டும் சிறிய மிச்சம் வருகிறது. அதைப் பற்றியும் 300 கெல்வினைப் பற்றியும் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

படிகன்:

மூலை மிச்சம் சாய்வாகப் படும் அலைகளால் வருவது. எளிய அளவெண் அலைக்கு (ஒவ்வோர் இடத்திலும் ஒரே எண்ணால் குறிக்கப்படும் அலைக்கு), செங்குத்துக்குப் பொருத்திய தணிப்பில், 45 பாகை படுகோணத்தில் 3 சதவீத ஆற்றலும் 60 பாகையில் 11 சதவீத ஆற்றலும் திரும்புகின்றன. எல்லையை வட்டமாக வெட்டினால் முனையிலிருந்து கிளம்பும் அலைகள் எங்கும் ஏறத்தாழச் செங்குத்தாகவே படும். ஆனால் வட்டத்தின் மையத்தில் விரிசல் முனை இருந்தால், திரும்பும் சிறிதளவும் சரியாக முனையிலேயே வந்து குவியும். நீங்கள் அளக்கும் இடமும் அதுதான். முனையை மையத்திலிருந்து சற்று விலக்கி வையுங்கள்.

வெப்பநிலை:

300 கெல்வினுக்குத் தணிப்பை மட்டும் வைத்திருப்பது பிழையாகும். உறிஞ்சும் எல்லைக்கு, உங்கள் விரிசலிலிருந்து வரும் அலை எது, வெப்ப அதிர்வாக வரும் ஃபோனான் எது என்று பிரித்தறியத் தெரியாது, இரண்டையும் விழுங்கிவிடும். திருப்பி எதையும் அனுப்பாத எல்லை சுழி கெல்வின் வெப்பத்தேக்கமாகவே நடந்துகொள்வதால், படிகம் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் குளிர்ந்துகொண்டே போகும். தணிப்பு உள்ள ஒவ்வோர் அணுவுக்கும் சமவாய்ப்பு விசை ஒன்றையும் கொடுக்க வேண்டும். அதன் சராசரி வர்க்கம் நிறை, தணிப்பு வீதம், வெப்பநிலை ஆகியவற்றின் பெருக்கத்துக்கு விகிதமாக இருக்க வேண்டும். வெப்பநிலையை நிலைநிறுத்தும் லாஞ்செவன் தெர்மோஸ்டாட் இதைத் தானே செய்துவிடுகிறது. நினைவுச் சார்பைப் பயன்படுத்துபவர்களுக்கு இது சற்றுக் கடினம்: அங்கே சமவாய்ப்பு விசைக்கும் நினைவு இருக்க வேண்டும், அதன் நேரத் தொடர்பு அதே நினைவுச் சார்பிலிருந்து பெறப்பட்டதாக இருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைப் படிகம் முழுவதற்கும் போட்டுவிடாதீர்கள். பிக்கோ வினாடிக்கு 1 என்ற மென்மையான தணிப்புகூட, விரிசலிலிருந்து கிளம்பும் அலையை எல்லைக்குச் செல்லும் வழியிலேயே அழித்துவிடும். எழுச்சி மறைந்தது என்று மகிழ்வீர்கள், ஆனால் விரிசலின் இயங்கியலும் உடன் மறைந்திருக்கும். நடுப்பகுதி நியூட்டன் சமன்பாட்டின்படி மட்டுமே நகரட்டும்.

விரிசல்முனை:

எல்லை சரியாக வேலை செய்கிறது என்பதை 300 கெல்வினில் எப்படி உறுதி செய்வது? வெப்ப அதிர்வுகளின் நடுவே சிறிய எதிரொளிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

அலைகணி:

சோதனையைச் சுழி கெல்வினில் செய்யுங்கள். எல்லை வரை 40 நானோமீட்டர் உள்ள பெரிய படிகத்தை எந்த உறிஞ்சலும் இல்லாமல் ஒருமுறை ஓட்டினால், அதில் அலை மையத்துக்குத் திரும்ப 18 பிக்கோ வினாடிக்கு மேல் ஆகும். அதுவரை அது எதிரொளிப்பே இல்லாத உண்மைத் தீர்வு. சிறிய படிகத்தின் அணு இடப்பெயர்ச்சிகளை இதிலிருந்து கழித்தால் எஞ்சுவது எல்லையின் பிழை மட்டுமே. மொத்த ஆற்றலின் தேய்வை மட்டும் பார்த்து நிறைவடைய வேண்டாம். எந்த அலைநீளம் திரும்பியது என்பதை அது சொல்லாது. பிழையை இடவெளி ஃபூரியர் உருமாற்றம் செய்தால், அதாவது அலைநீளம் வாரியாகப் பிரித்தால், நீண்ட அலை மிஞ்சினால் கடைசி அடுக்கின் இம்பிடன்ஸையும், குறுகிய அலை மிஞ்சினால் அடுக்கின் தடிமனையும் திருத்த வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.

ஒரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். இவை அனைத்தும் எல்லையை அடையும்போது அலை நேரியல் அளவுக்குச் சிறுத்துவிட்டது என்ற எடுகோளின் மேல் நிற்பவை. வலுவான அதிர்ச்சி அலையில் அடர்த்தியும் வேகமும் அலையோடு மாறுவதால் மாறாத இம்பிடன்ஸ் பொருந்தாது. விரிசல் முனையிலிருந்து இடப்பிறழ்வுகள் (படிகத்தின் அணு வரிசையில் ஏற்பட்டு நகரும் குறைகள்) கிளம்பினால் அவை அலைகளே அல்ல; உட்கவர் எல்லை அவற்றை வெளியே விடாது, ஓரத்தில் தேங்கி முனையின் மீது தகைவைத் திருப்பிச் செலுத்தும். உங்கள் ஓட்டத்தில் முதல் இடப்பிறழ்வு தணிப்பு அடுக்கைத் தொடும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிந்தைய தரவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.